கடல் பக்கத்திலேயே இருந்தும் சென்னைக்கு ஏன் தண்ணீர்ப் பஞ்சம்? கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தினால் தீராதா?

சென்னையில் மழை குறைவு என்பது தவறான எண்ணம். வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, ஆனால் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். அந்த மூன்று மாதம் பொய்த்தால் அடுத்த வருடம் முழுக்க அவதிதான். 2018-இல் அதுதான் நடந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஏரித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தெருவில் நாலு குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, லாரி எப்போது வரும் என்று ராத்திரி தூங்காமல் காத்திருந்த பெண்களை நான் மறக்கவே மாட்டேன். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது.

சரி, கழிவுநீர். வீட்டில் புழங்கிய தண்ணீர், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தினமும் சாக்கடைக்கு வரும், அதுதான் அதன் பலம். 2019 முதல் கொடுங்கையூர், கோயம்பேடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், ஏற்கெனவே சுத்திகரித்த நீரை இன்னும் நுண்ணிய வடிகட்டிகளிலும், கடைசியில் உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. சவ்விலும் செலுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் தினம் 4.5 கோடி லிட்டர் தரக்கூடியது. அது மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, குடிக்க அல்ல. ஆனால் அவர்கள் வாங்காமல் விடும் ஏரித் தண்ணீர் நம் குழாய்க்கு மிச்சம். கடல்நீரைக் குடிநீராக்குவதைவிட இதற்கு மின்சாரமும் குறைவு, ஏனென்றால் கழிவுநீரில் உப்பு குறைவு. என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் பெருக்க வேண்டும், அப்புறம்தான் இன்னொரு கடல்நீர் ஆலை.