‘சீக்காளி வளையல்’ போட்டுக்கொள்ளத்தான் வேண்டுமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 44. எட்டு மாதத்துக்கு முன் சென்னையில் உடல் எடையைக் குறைக்க காஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டார். 36 கிலோ குறைந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது, ஆபரேஷன் விவரம் பொறித்த எச்சரிக்கை வளையல் ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. “சீக்காளின்னு ஊருக்கே தம்பட்டம் அடிக்கணுமா?” என்கிறார். இது கட்டாயமா, தாலிச் செயினில் கோத்துக்கொண்டால் போதாதா, என்ன எழுதுவது, தமிழிலா ஆங்கிலத்திலா என்பவை வாசகியின் கேள்விகள்.

கட்டாயம் இல்லை. ஆனால் உங்களுக்கு நடந்தது பைபாஸ் என்பதால் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல ஆக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் என்றால், முதல் சில மாதங்களுக்கு மட்டும் வலியுறுத்துவேன். அதற்கப்புறம் அவரவர் விருப்பம்.

காரணம் எளிது. உங்களைப் பார்த்தால் எதுவும் தெரியாது. வயிற்றில் ஐந்தாறு சின்னத் தழும்புகள் இருக்கும், அவ்வளவுதான். பித்தப்பையை எடுத்தவர் வயிறும் அப்படித்தான் இருக்கும். இன்று உங்களைப் பார்க்கும் டாக்டருக்கு 36 கிலோ கூடுதலாக இருந்தவர் நீங்கள் என்று ஊகிக்க வழியில்லை. உள்ளேயோ அமைப்பே வேறு. உணவு போய்ச் சேரும் பை, இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி ஊற்றினால் நிறைந்துவிடும் அளவு, சுமார் 30 மில்லி. அங்கிருந்து நேராகச் சிறுகுடலுக்கு வழி போட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஒருவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால், பூச்சிமருந்து குடித்திருப்பாரோ என்ற சந்தேகம் முதலில் வரும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவப் பார்ப்பார்கள். சாதாரண இரைப்பைக்கு அளந்து தள்ளும் குழாய் உங்கள் சின்னப் பையில் முட்டும். தையல் புதிதாக இருந்தால் ஓட்டையே விழலாம். பைபாஸ் என்று தெரிந்தால் கண்மூடித்தனமாகத் தள்ள மாட்டார்கள்.

இன்னொன்று சர்க்கரை. பைபாஸ் செய்துகொண்ட சிலருக்கு, பெரும்பாலும் ஒரு வருடம் போன பிறகு, சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கும். கல்யாணப் பந்தியில் அசோகாவும் பாயசமும் ருசி பார்த்துவிட்டு பஸ் ஏறியவர், வழியில் வியர்த்து, நடுங்கி, உளற ஆரம்பிப்பார். பக்கத்து சீட்காரர் வெயில் மயக்கம் என்பார். வளையலைப் பார்த்த 108 ஊழியர், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க மறக்க மாட்டார்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது பேசமுடியாமல் கிடக்கும் நேரத்தைப் பற்றி அல்ல. நன்றாகப் பேசிக்கொண்டே கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றி. நடவு முடிந்து இடுப்பு வலி என்றால் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று ஏதோ ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். பைபாஸில் குடலை இணைத்த இடத்தில் புண் வரவும், ரத்தம் கசியவும் இந்த மாத்திரைகள் போதும். “வயித்துக்கு ஆகாதுன்னா ஊசியாப் போட்டுக்கறேன்” என்று பலர் சொல்கிறார்கள். ஊசியும் ரத்தத்தில் கலந்து அதே வேலையைத்தான் செய்யும். உங்களுக்குப் பாராசிட்டமால், அதில் கேட்காத வலி என்றால் டாக்டர்.

அப்புறம் நம்முடைய குளுக்கோஸ் மோகம். நாலு நாள் வாந்தி, சோர்வு என்றால் “ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க” என்று நாமே கேட்டு வாங்குவோம். இந்த ஆபரேஷன் செய்தவருக்கு வாந்தி நீடித்தால் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிவிடும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். ஸ்லீவ் செய்தவருக்கும் இது பொருந்தும். நினைவோடு இருக்கும்போது வளையலைக் காட்டி, “முதலில் பி1 போடுங்க டாக்டர்” என்று வாய்விட்டுச் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

வயிற்றுவலிக்கும் இதே கதை. எத்தனை வருடம் ஆனாலும் சரி, பைபாஸ் செய்தவருக்குத் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் வாயு என்று ஓமத் திரவம் குடித்துவிட்டுப் படுக்கக்கூடாது. உள்ளே குடல் ஒரு இடுக்கில் சிக்கியிருக்கலாம். அன்றே ஸ்கேன் பார்க்கவேண்டிய விஷயம்.

தாலிச் செயின் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அது ரவிக்கைக்குள் இருக்கும். தெரியாத ஒருவர் தொட்டுப் பார்க்கத் தயங்குவார். நாடி பார்க்க யார் வந்தாலும் மணிக்கட்டைத்தான் பிடிப்பார்கள், அங்கே இருக்கட்டும். தங்கம் வேண்டாம், நகை என்று கழற்றி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் போதும். பாம்பு சுற்றிய கோல் சின்னம் சிவப்பில் இருக்கவேண்டும். இல்லையென்றால் கோயில் காப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆன்லைனில் வாங்கலாம். கும்பகோணம் பாத்திரக்கடையிலும் வேலை முடியும். சீர்வரிசைக் குடத்தில் பெயரும் தேதியும் வெட்டுகிற அதே மிஷின், ர்ர்ர் என்று புள்ளிப் புள்ளியாக உங்கள் தகட்டிலும் வெட்டிவிடும். விவரத்தைப் பேப்பரில் எழுதிக் கொடுங்கள், வெட்டியதும் அங்கேயே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒருவர் மாதத்தையும் நாளையும் மாற்றி வெட்டிக்கொண்டு வந்து என்னிடம் காட்டியிருக்கிறார்.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். டாக்டரும் நர்ஸும் சட்டென்று படிப்பது அதைத்தான். பெயர், காஸ்ட்ரிக் பைபாஸ், செய்த மாதமும் வருடமும், பார்க்காமல் மூக்குக்குழாய் கூடாது, என்எஸ்ஏஐடி (டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை) வலி மருந்து கூடாது, ஒரு போன் நம்பர். இதற்கு மேல் வெட்டினால் எழுத்து சிறுத்து யாரும் படிக்கமாட்டார்கள். “ஆஸ்பிரின் கூடாது” என்று தனியாகப் பொறிக்காதீர்கள். மாரடைப்பு வந்தால் அது தேவைப்படலாம், அந்த முடிவு அங்கிருக்கும் டாக்டருடையது. பி1, பி12, இரும்புச்சத்து, சாப்பிடும் மாத்திரைகள், ஆபரேஷன் செய்த டாக்டரின் நம்பர் எல்லாம் பர்ஸில் ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். போன் லாக்கில் இருந்தாலும் தெரிகிற அவசரத் தகவல் பக்கத்திலும் ஏற்றிவையுங்கள்.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். எடை இன்னும் இறங்கும். இன்று கச்சிதமாக இருப்பது ஆறு மாதத்தில் முழங்கைக்கு ஏறி இறங்கும், ஒருநாள் ஆற்றோடு போகும். கண்ணி கழற்றிச் சுருக்கக்கூடிய சங்கிலி வகை நல்லது. எம்ஆர்ஐ ஸ்கேனுக்குக் கழற்றவேண்டும். கழற்றுவதற்கு முன் அந்த டெக்னீஷியனையே படிக்கச் சொல்லுங்கள்.

மாமியாரைப் பொறுத்தவரை, தம்பட்டம் அடிக்கவேண்டியதில்லை. எழுத்து உள்பக்கம் இருக்கலாம், சின்னம் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கண்ணாடி வளையல்களோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். போன் நம்பர் மட்டும் பகலில் வீட்டில் இருந்து எடுக்கக்கூடியவருடையதாக இருக்கவேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அது மாமியாரின் நம்பர்தான்.