பொறவு?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம். தென்காசிப் பக்கம் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 29. இதுவரை 6 சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். 2 கதைகள் சிற்றிதழ்களில் வந்தன. கடைசிக் கதையை முடித்து 9 மாதம் ஆகிறது. அதற்கப்புறம் ஒரு வரி ஓடவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. சாரல் நேரத்தில் குற்றாலம் போய் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்திருந்தேன். பாபநாசம் போனேன். நல்ல நோட்டு வாங்கினேன். காலை 4 மணிக்கு எழுந்து பார்த்தேன். போனை அணைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சாமி இறங்குகிற மாதிரி அது தானாகத்தான் வரவேண்டும், அதுவரை காத்திரு என்கிறார் நண்பர் ஒருவர். உங்களுக்கு எங்கிருந்து வருகிறது? நீங்கள் தாமிரபரணிக் கரையில் பிறந்து, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் எழுதுவதற்கு என்று ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசி இரண்டு வரியோடு எனக்கு வழக்கு இருக்கிறது. அதைப் பிறகு பேசுகிறேன். முதலில் சாமியைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் நண்பர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். கதை வருவதும் சாமி வருவதும் ஒரே மாதிரிதான். ஆனால் சாமி தானாக இறங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் திருவிழாவை, கொடை என்போம், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கொடைக்கு எட்டு நாள் முன்னால் பந்தக்கால் நடுகிற கால்நாட்டு. அன்றிலிருந்து சாமியாடுகிற கோமரத்தாடிக்கு விரதம். கொடைக்கு முந்தின ராத்திரி சாமியைக் கூப்பிடுகிற குடியழைப்பு. மறுநாள் மேளம், பூ, பந்தம், கூட்டம், குலவை. இவ்வளவுக்கும் நடுவில் வில்லுப்பாட்டு. சாமி வருவதற்கு ஓர் ஊரே கூடி வழி செய்கிறது. நாள் குறித்துக் கூப்பிடுகிறார்கள். வருமா வராதா என்பது மட்டும்தான் கடைசி வரைக்கும் நம் கையில் இல்லை.

ஒரு வருஷம் வரவில்லை. எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். ராத்திரி ஒரு மணி தாண்டிவிட்டது. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து, தவிலைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து அடித்தார்கள். கோமரத்தாடி கையைக் கட்டிக்கொண்டு கல்லு மாதிரி நிற்கிறார். தென்னை ஏறுகிற மனுஷன், நல்ல உயரம், உடம்பில் ஓர் அசைவு இல்லை. பெண்கள் குலவை விட்டு விட்டுத் தொண்டை கட்டிப்போனார்கள். பெரியவர்கள் முகத்தில் பயம் வந்துவிட்டது.

நான் வில்லுக்குப் பக்கத்தில், குடம் அடிக்கிற தாத்தாவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்திலிருந்து அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான். வில்லடித்துக் கதை பாடுகிற புலவர் ஒரு வரி சொல்வார், இவர் "ஆமா" என்பார். புலவர் அடுத்த வரிக்குப் போவார், இவர் "ஆமாமா" என்று இழுப்பார். அந்த நேரத்தில் அவர் குடத்தின் வாயில் அடிக்கிற பத்தியை மடியில் வைத்துவிட்டு, புலவர் பக்கம் சாய்ந்து, காதோடு சொன்னார்: "அம்மை முந்தி ஏந்துத எடத்தத் திரும்ப எடும்."

அது சுடலை கதையில் ரொம்ப முன்னால் வருகிற இடம். பிள்ளை இல்லாத பார்வதி முந்தானையை ஏந்தி நின்று, விளக்குச் சுடரிலிருந்து பிள்ளையை வாங்குகிற கட்டம். பாடி முடித்து நாலைந்து மணி நேரம் ஆகியிருந்தது. புலவர் ஒரு நிமிஷம் யோசித்தார். வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்தார். வில்மணிச் சத்தம் இல்லாமல், தாலாட்டு மாதிரி மெதுவாக அந்த இடத்தை மறுபடி எடுத்தார். பத்து வரி போயிருக்காது. கோமரத்தாடியின் இடது தோள் துடித்தது. அப்புறம் அவரைப் பிடிக்க ஆள் போதவில்லை.

அந்த மனுஷனுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகப் பிள்ளை கிடையாது என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரிந்தது. குடக்காரத் தாத்தாவுக்கு அன்றைக்கே தெரியும். பாட்டு முழுக்கப் புலவருக்குப் பாடம். ஆனால் அது எந்த இடத்தில் எந்த மனுஷனைத் தொடும் என்று "ஆமா" போட்டுக்கொண்டிருந்தவருக்குத்தான் தெரிந்திருந்தது.

தம்பி, கதை எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தத் தாத்தா முகம்தான் ஞாபகத்துக்கு வரும். வில்லுப்பாட்டில் வலம் பாடுகிறவர், இடம் பாடுகிறவர், குடம், உடுக்கை, தாளம் என்று சுற்றி இருக்கிறவர்கள் வெறும் துணைக்கு இல்லை. "ஆமா" இல்லாமல் வில்லுப்பாட்டு கிடையாது. ஆமா போடுகிறவர் இரண்டு நிமிஷம் அசந்தால் புலவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் செய்தது எல்லாமே தனியாகச் செய்த காரியங்கள். குற்றாலத்தில் தனியாக, பாபநாசத்தில் தனியாக, விடியற்காலையில் தனியாக, போனையும் அணைத்துவிட்டு. அருவியை நான் குறை சொல்லவில்லை. சாரல் முகத்தில் அடித்தால் எனக்கும் உயிர் வந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அருவி நம்மைப் பேச விடாது, கேட்கவும் விடாது. எழுதும்போது தனிமை வேண்டும், சத்தியமாக வேண்டும். எழுதுவதற்கான சரக்கு தனிமையில் சேருவதில்லை. அது பேச்சில் சேருகிறது. நம் பேச்சை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்கும்போது சேருகிறது. இன்னொருத்தர் பேச்சுக்கு நாம் காது கொடுக்கும்போது இன்னும் அதிகமாகச் சேருகிறது.

இடைசெவல் என்று ஒரு கிராமம், கோவில்பட்டிக்குத் தெற்கே. அன்றைக்கு நம் திருநெல்வேலி ஜில்லா, 1986-க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். அந்தச் சின்ன ஊரில் ஒரே வருஷம், 1923-ல், எழுத்தாளர்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் பிறந்தார்கள். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். சங்கீதப் பித்து இரண்டு பேருக்கும். அழகிரிசாமி சீக்கிரமே எழுத வந்து சென்னைக்குப் போய்விட்டார். கி.ரா. ஊரிலேயே விவசாயத்தோடு இருந்தார். அழகிரிசாமி அவருக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். அவை பின்னால் புத்தகமாகவே வந்தன. கி.ரா.வின் சிறுகதை 'சரஸ்வதி' இதழில் வந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தது 1958-ல், அவருக்கு 35 வயதில். அதுவரை அவர் என்ன செய்தார் என்று கேட்டால், கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் நான் சொல்வேன். கரிசல் காட்டுச் சம்சாரிகள் பேசியது, பாட்டிமார் சொன்ன கதை, வசவு, சொலவடை எல்லாம் அவர் காதில் விழுந்து தங்கிவிட்டன. பிறகு அந்தச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். முப்பத்தைந்து வருஷம் சும்மா போனதாக யாரும் சொல்ல முடியாது. உங்களுடையது ஒன்பது மாதம்தான்.

ரசிகமணி டி.கே.சி.யையும் சொல்ல வேண்டும். கவிஞர் என்றோ கதாசிரியர் என்றோ அவரை யாரும் சொல்வதில்லை. ரசிகர் என்பதுதான் அவருக்குப் பட்டம். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில், தொட்டிக்கட்டில், நண்பர்கள் கூடுவார்கள். அவர் கம்பனில் ஒரு பாட்டை எடுத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லி, மறுபடி சொல்லி, எல்லாரையும் அதற்குள் இழுத்துக்கொண்டு போவார். வட்டத்தொட்டி என்று அதற்குப் பெயர் வந்தது. எழுத்தாளர் பாஸ்கரத் தொண்டைமான் போன்றவர்கள் அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள். ஊரில் ஒருத்தர் நன்றாகக் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் அவரைச் சுற்றிப் பத்துப் பேருக்குப் பேச்சு வருகிறது, எழுத்து வருகிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

என் கதைக்கு வருகிறேன். அப்பா இறந்த பிறகு ஒன்றரை வருஷம் எனக்கு எழுத்து நின்றுபோனது. உங்களை மாதிரியே நானும் நோட்டு வாங்கினேன். அந்த நாட்களில் சாயங்காலம் ஒரு தையற்கடையில் போய் உட்காருவேன். கடைக்காரர் என்னைவிட மூத்தவர். கதை, கவிதை எதுவும் படிக்கிறவர் இல்லை. நான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன், அவர் தலை நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டே "பொறவு?" என்பார். நம்மூரில் அப்புறம் என்பதற்கு அதுதானே சொல். ஒரு மணி நேரத்தில் முப்பது "பொறவு" வரும்.

ஒருநாள் அப்பா சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி, கடைசி ராத்திரி, சுடுகாடு என்று எனக்குப் பெரிதாகப் பட்டதை எல்லாம் சொன்னேன். மிஷின் நிற்கவில்லை. காலர் தைத்து முடித்து, அடுத்த சட்டையை எடுத்துவிட்டார். பேச்சோடு பேச்சாக, ரேஷன் கார்டில் பெயர் எடுக்கப் போனதைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் ரொம்பத் தன்மையாக, "அப்பா பேரை அடிச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். எனக்கு வாய் திறக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் எனக்குப் பதிலாக "அடிச்சிரும்மா" என்று சொன்னார். இதைச் சொன்னபோது மிஷின் நின்றது. பெடலில் அவர் கால் அப்படியே இருந்தது. ஊசி துணிக்குள் பாதியில் நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "பொறவு?"

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து எழுதினேன். வரிசையில் நின்ற அந்தப் பெரியவரைப் பற்றித்தான் கதை. ஒன்றரை வருஷமாக அந்தச் சம்பவம் எனக்குள்தான் கிடந்தது. அது கதை என்று எனக்குத் தெரியவில்லை. மிஷின் நின்ற இடத்தில் தெரிந்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருத்தரைத் தேடிக்கொள்ளுங்கள். எழுதுகிறவராக இருக்க வேண்டிய அவசியமில்லை, இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. எழுதியதைக் காட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டாம். சொல்லுங்கள், வாயால் சொல்லுங்கள். அவர் கை எப்போது நிற்கிறது, கண் எப்போது நிமிர்கிறது என்று பாருங்கள். நகைக்கடன் நிறுவனத்தில் நாள் முழுக்க ஆட்கள் வந்து கம்மலையும் தாலிக்கொடியையும் கழற்றி மேஜையில் வைக்கிறார்கள். அவர்களுடைய பெயரும் ஊரும் வெளியே போகக் கூடாது, அந்தக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் கழற்றிய காதை அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் எப்படி மறைத்துக்கொள்கிறாள் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை யாரிடமாவது சொல்லிப் பார்த்தீர்களா?

கால்நாட்டும் வேண்டும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டுவதாக அந்த ஆளிடம் வாக்குக் கொடுத்துவிடுங்கள். எனக்கு எழுத்துக்கு முன்னால் விரதம்கூட உண்டு. எந்த எழுத்தாளரின் நடை என் நாக்கில் ஒட்டிக்கொள்ளுமோ அவரை அந்த நாட்களில் தொட மாட்டேன். உங்களுக்கு எது ஒட்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். குறித்த நாளில் கதை நன்றாக வராவிட்டாலும் வாசியுங்கள். எங்கள் ஊரில் சாமி வரத் தாமதமானது என்று யாரும் பந்தலைப் பிரிக்கவில்லை.

இனி அந்தக் கடைசி இரண்டு வரி. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்ததால் எனக்குக் கதை வரவில்லை, தம்பி. படித்துறையில் குளித்தவர்களின் பேச்சு காதில் விழுந்தது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எனக்கு வேறு ஒன்று இருந்தது. என் ஆச்சியும் பீடி சுற்றியவள்தான். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிடுவார்கள். முந்தின ராத்திரியே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை, மடியில் சொளவு என்கிற முறம், சொளவின் ஒரு மூலையில் தூள், கத்திரி, நூல்கண்டு. கை தன் பாட்டுக்கு வெட்டும், உருட்டும், வாயை மடக்கும், நூலைச் சுற்றும். கண்ணுக்கு வேலை கிடையாது, காதுக்கும் வாய்க்கும்தான் வேலை. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த இசக்கி யார் கனவில் வந்தாள், கொழும்புக்குப் போனவன் ஏன் திரும்பவில்லை. ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் "ம்" கொட்டுவார்கள். ஆயிரம் பீடி முடிகிறதற்குள் நாலு குடும்பத்தின் கதை முடிந்திருக்கும். எதை முதலில் சொல்ல வேண்டும், எதை மறைத்து வைத்துக் கடைசியில் சொல்ல வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். இன்றைக்கு வரைக்கும் அதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

உங்கள் அம்மா உங்களைப் படிக்க வைக்க எத்தனை வருஷம் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்? எத்தனை லட்சம் பீடி? அத்தனை நேரமும் காது திறந்துதான் இருந்திருக்கும். வீட்டில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதிய அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கோபத்தில் சொல்லவில்லை, தம்பி, உரிமையில் சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போக வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். நோட்டு வேண்டாம், போனில் பதிவு செய்யவும் வேண்டாம். அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சுற்றிய பெண்களில் ஒருத்தியைப் பற்றிக் கேளுங்கள். முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். நீங்கள் "பொறவு?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி