தாரமங்கலத்தில் காகித நெகட்டிவ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1850களில் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லினேயஸ் டிரைப் எடுத்த கோயில் படங்களைப் பார்த்தபின், அதே மெழுகுக் காகித முறையில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை எடுக்க ஆசை. கண்ணாடித் தகடுதான் கூர்மை என்கிறார்கள்; அவர் ஏன் காகிதத்தை விடவில்லை? படங்களில் ஆட்களே இல்லையே, கோயில்கள் அப்போது வெறிச்சோடிக் கிடந்தனவா?

கதிர், அஸ்தம்பட்டி

அன்புள்ள கதிர்,

அப்படியெல்லாம் இல்லை. நல்ல வெயிலிலும் லென்ஸைச் சில நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டிய முறை அது. நடந்து போகிறவர் பதியமாட்டார். தூணும் யாளியும் மிஞ்சும். வானத்து மேகத்தையும் நம்பாதீர்கள். நெகட்டிவ் நீல ஒளியைத்தான் அதிகம் வாங்கும், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் நெகட்டிவ்மேல் தூரிகையால் மேகம் தீட்டியவர்.

கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் பரப்பும் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலில் ஈதர் உண்டு. அது 35 டிகிரிக்குள் கொதித்துவிடும். சித்திரை மாதச் சேலத்தில் கரைசல் தகட்டில் சீராகப் பரவுமுன்பே இறுகத் தொடங்கும். ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியும் (உருவத்தைத் தெரியவைத்தும்) ஆகவேண்டும். இருட்டறையே கோயில் வாசலுக்கு வரவேண்டும். 1851இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் லெ கிரே வெளியிட்ட மெழுகுக் காகிதத்தை முந்தின இரவே தயார் செய்து, எடுத்தபின் சாவகாசமாகக் கழுவலாம். 1857-58இல் மாட்டுவண்டிகளோடு அன்றைய சேலம் ஜில்லாவின் ராயக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றிய டிரைப்புக்கு இதுதான் தோது.

இனி உங்கள் வேலை. மெல்லிய, சீரான காகிதத்தில் தேன்மெழுகைச் சூட்டோடு ஊறவிட்டு, உபரியை ஒற்றுத்தாள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் எடுங்கள். இதில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரியாகாது: மெழுகு தேங்கிய இடத்தில் கரைசல் ஏறாது, திட்டுத் திட்டாகும். அடுத்து பொட்டாசியம் அயோடைடு, புரோமைடு கலந்த கரைசல் (லெ கிரே இதில் அரிசிக் கஞ்சித் தெளிவும் சேர்த்தார்). காய்ந்தபின் இருட்டில் சில்வர் நைட்ரேட்: 100 மில்லி தண்ணீருக்கு 6 அல்லது 7 கிராம், கூடவே அசிட்டிக் அமிலம். கிணற்று நீர் ஆகவே ஆகாது. அதிலுள்ள குளோரைடால் கரைசல் பாலாகத் திரிந்து வெள்ளி வீணாகும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

கழுவ காலிக் அமிலம், லிட்டருக்கு 4 கிராம் போல. மணிக்கணக்கில் ஊறும். சூடேறினால் கரைசல் கறுத்து நெகட்டிவ் முழுக்க மூட்டம் படியும். ஆகவே கழுவுவதை மட்டும் ஏற்காட்டில் இரவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஹைப்போ (படத்தை நிலைக்கச் செய்யும் கரைசல்), நீண்ட அலசல், மறுபடி மெழுகு.

தாரமங்கலத்தில் உச்சிவெயிலைத் தவிருங்கள். மண்டபத்து உள்பக்கம் வெறும் கறுப்பாகிவிடும். மதிலின் காவிப் பட்டை கிட்டத்தட்டக் கறுப்பாகவும் வெள்ளைப் பட்டை பளீரென்றும் விழும். முதல் முயற்சிக்கு மதிலை விட்டுத் தூண் சிற்பம் ஒன்றை எடுங்கள்.