நூறு பேட்ச் காத்திருக்கிறது, யார் கையில்?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் வேலை நேரம் போக ஒரு திறமூல மென்பொருளைப் பராமரிக்கிறோம். மற்றவர்கள் அனுப்பி, எங்கள் ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் நிரல் திருத்தங்கள், அதாவது பேட்ச்கள், நூறைத் தாண்டிவிட்டன. சில இரண்டு வருடப் பழசு. பட்டியலைத் திறக்கவே மனசு வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிரலைப் படிப்பதிலிருந்து தொடங்காதீர்கள். இந்த வார இறுதியில் மூவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது பதில் சொல்ல வேண்டியது நாமா, எழுதியவரா? கணிசமானவை எழுதியவர் கையில்தான் இருக்கும். ரீபேஸ் செய்யச் சொல்லியிருப்பீர்கள் (பேட்சை இப்போதைய நிரலுக்குப் பொருத்தித் தருவது), அவர் திரும்பி வந்திருக்க மாட்டார். பட்டியலில் எல்லாம் ஒரே மாதிரி தெரிவதால் நூறும் உங்கள் தலையில் கிடப்பதுபோல் கனக்கிறது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் திட்டத்தில் 2008 முதல் இதற்கு ‘கமிட்ஃபெஸ்ட்’ என்ற முறை இருக்கிறது. வருடத்தில் சில மாதங்களைக் குறித்துவைத்து, அப்போது புது வேலையைக் குறைத்துக்கொண்டு மற்றவர்களின் பேட்ச்களைப் பார்க்கிறார்கள். ‘ரிவ்யூ தேவை’, ‘எழுதியவருக்காகக் காத்திருக்கிறது’, ‘கமிட்டருக்குத் தயார்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை உண்டு. கமிட்டர் என்றால் பேட்சை மூல நிரலில் சேர்க்கும் உரிமை உள்ளவர். நிலையைப் பார்த்தாலே அடுத்த வேலை யாருடையது என்று தெரிந்துவிடும். மாதம் முடிந்ததும் தேறாதவை அடுத்த சுற்றுக்குப் போகும், அல்லது கருத்து சொல்லித் திருப்பி அனுப்பப்படும். இதையெல்லாம் துரத்திப் பிடிக்க ஒரு மேலாளர் இருப்பார். உங்கள் மூவரில் நிரல் எழுதுவதில் கைதேர்ந்தவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். சலிக்காமல் நினைவூட்டும் குணம் உள்ளவரிடம் கொடுங்கள்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு: பேட்ச் கொடுப்பவர் இன்னொருவரின் பேட்சை ரிவ்யூ செய்ய வேண்டும். சின்னத் திட்டத்தில் இதைக் கட்டாயமாக்க முடியாது. ஆனால் கேட்டுப் பாருங்கள், பலர் சந்தோஷமாகச் செய்வார்கள்.

வரிசை எப்படித் தேங்குகிறது என்பதற்கு என் கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தேதிக் கணக்கில் இருந்த பிழையைத் திருத்தி ஒரு புதியவர் பேட்ச் அனுப்பினார். உண்மையான மாற்றம் 12 வரி. அவருடைய எடிட்டர் கோப்பு முழுக்க டேப் இடைவெளிகளை ஸ்பேஸாக்கியதில் டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) 400 வரியாகிவிட்டது. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு உட்காரும் எனக்கு அந்த 12 வரியைத் தேடப் பொறுமை இல்லை. ‘நாளைக்கு’ என்று தள்ளியே எட்டு மாதம் ஓடியது. இரண்டு முறை பணிவாகக் கேட்டார், பிறகு அவர் வரவே இல்லை. அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. முதல் நாளே நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: “திருத்தம் சரியான இடத்தில் இருக்கிறது, நன்றி. டேப் மாற்றத்தை எடுத்துவிட்டு அந்த 12 வரியை மட்டும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன்.”

ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும் என்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வழிகாட்டி சொல்கிறது. பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டச் சொல்கிறது. இந்த இரண்டையும் உங்கள் விதிகளில் எழுதிவையுங்கள். முதல் பதில் எத்தனை நாளில் வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் இரண்டு வாரம் என்றே போடுங்கள். நிரலின் ஃபார்மேட்டையும் டெஸ்ட்டையும் மனிதர் பார்க்கும் முன்பே இயந்திரம் சோதித்துவிட வேண்டும்.

இரண்டு வருடப் பழசுகளுக்கு, ‘இன்னும் தேவை என்றால் ஒரு மாதத்தில் ரீபேஸ் செய்து அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். பதில் இல்லாதவற்றை மூடிவிடலாம், யார் வேண்டுமானாலும் பிறகு திறந்துகொள்ளலாம். திட்டத்துக்கே பொருந்தாதவற்றுக்குக் காரணத்தோடு ‘வேண்டாம்’ என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது: சுமை குறையட்டும் என்று கமிட் உரிமையை அள்ளிக் கொடுப்பது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் அதுதான் நடந்தது. பேட்ச்கள் தேங்குகின்றன என்று பராமரிப்பாளரைச் சிலர் நெருக்கினார்கள். உதவிக்கு வந்து நம்பிக்கை சம்பாதித்தவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து 2024 மார்ச்சில் அதை வெளிக்கொண்டுவந்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். புதியவர்களுக்கு முதலில் ரிவ்யூவைக் கொடுங்கள். பிறகு கமிட் உரிமை கொடுத்தாலும், ரிலீஸ் கோப்பை உங்களில் இன்னொருவர் ரெப்போவிலிருந்து (மூல நிரல் இருக்கும் களஞ்சியம்) தானே உருவாக்கி ஒப்பிட்ட பிறகுதான் வெளியிட வேண்டும்.