அமெச்சூர் கோல்ஃப் போட்டியில் மெதுவாக ஆடினால் தண்டனை உண்டா?

உண்டு. கோல்ஃப் விதிகளில் 5.6-ஆம் விதி, காரணமின்றி ஆட்டத்தைத் தாமதப்படுத்துவதைத் தடை செய்கிறது. மொத்த அடிகளை எண்ணி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஸ்ட்ரோக் பிளேயில் முதல் மீறலுக்கு ஒரு ஸ்ட்ரோக்கும் (அடியும்) இரண்டாவதற்கு இரண்டு ஸ்ட்ரோக்கும் தண்டனை, மூன்றாவது முறை போட்டியிலிருந்தே நீக்கம். பலர் சொல்லும் 40 விநாடி என்பது, இடையூறின்றி அடிக்க முடிகிற நிலை வந்த பிறகு எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தைப் பற்றிய பரிந்துரையே தவிர, அதைத் தாண்டினாலே தண்டனை என்று பொருளில்லை. ஆனால் போட்டிக் குழு தனக்கென ஒரு வேகக் கொள்கையை வகுத்து, ஒவ்வொரு குழிக்கும் நேர வரம்பு வைத்து, பின்தங்கிய ஆட்டக்காரர்களைக் கடிகாரம் வைத்துக் கண்காணிக்கலாம் என்பதால், தொடங்குமுன் அந்த அறிவிப்பைப் படித்துவிடுவது அவசியம்.

என் பார்வையில், அமெச்சூர்களின் நேரத்தை அதிகம் விழுங்குவது பந்து தேடுவதுதான். 2019-இல் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகவே கருதப்படும். எனவே சந்தேகம் எழுந்த உடனேயே, அறிவித்துவிட்டு, தற்காலிகப் பந்து (முதல் பந்து தொலைந்தால் அதற்குப் பதிலாக ஆடும் பந்து) ஒன்றை அடித்துவிட்டு நகர்வது, பிறகு திரும்பி நடந்து வருவதைத் தவிர்க்கும். ஸ்ட்ரோக் பிளேயில், பாதுகாப்பாக இருக்கும்வரை, குழியிலிருந்து தொலைவில் இருப்பவருக்காகக் காத்திராமல், தயாராக இருப்பவர் முதலில் அடிப்பதையும் விதிகளே ஊக்குவிக்கின்றன.