ஒரே ரௌட்டரில் இரண்டு விஆர்எஃப், இரண்டிலும் ஒரே சப்நெட்: டிஎச்சிபி வழியாகப் பிரிண்டருக்கு மாறாத முகவரி கொடுப்பது எப்படி?

தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் சொல்லும் அதே நிலைமையில் நான் இரண்டு நாள் அல்லாடியிருக்கிறேன்.

ஒரு கட்டடம், இரண்டு அலுவலகங்கள், நடுவில் ஒரு சிஸ்கோ ரௌட்டர். இருவருமே 192.168.10.0/24 என்ற ஒரே முகவரி வரம்பை (சப்நெட்) வைத்திருந்தார்கள், மாற்றச் சம்மதிக்கவில்லை. ஆளுக்கொரு விஆர்எஃப் (ஒரே ரௌட்டருக்குள் தனித்தனி ரௌட்டிங் டேபிள்) போட்டுப் பிரித்தேன். சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழியாகக் கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக முகவரி வாங்கின. பிரிண்டருக்கு மட்டும் 192.168.10.50 என்று எழுதிவைத்தும் அது .23, .31 என்று வேறு எதையோ வாங்கிக்கொண்டே இருந்தது.

சிஸ்கோ ரௌட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் மாறாத முகவரி என்றால் சாதனத்துக்கு ஒரு தனி பூல் (முகவரித் தொகுப்பு); அதுதான் ஹோஸ்ட் பூல். நான் பெரிய பூலில் 'விஆர்எஃப்' வரியை எழுதியிருந்தேன், பிரிண்டரின் குட்டி பூலில் எழுதவில்லை. அதனால் அது பொது ரௌட்டிங் டேபிளைச் சேர்ந்ததாகிவிட்டது. கோரிக்கை எந்த விஆர்எஃப் இன்டர்ஃபேஸில் வந்ததோ, அதற்குரிய பூல்களில்தான் சர்வர் தேடும். ஆகவே ஒவ்வொரு ஹோஸ்ட் பூலிலும் விஆர்எஃப் பெயர் இருந்தே ஆகவேண்டும். கேட்வே முகவரியை ஒதுக்கிவைக்கும் 'எக்ஸ்க்ளூடட் அட்ரஸ்' வரியிலும் அப்படியே. பெயர் இல்லாவிட்டால் அந்த விலக்கு உங்கள் விஆர்எஃப்புக்குப் பொருந்தாது.

அதைத் திருத்திய பிறகும் .50 வரவில்லை. டீபக் (நடப்பதை வரிவரியாகக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. பிரிண்டரின் மேக் (வன்பொருள் முகவரி) 0011.2233.4455. அது தன்னை அடையாளம் காட்ட அனுப்பிய கிளையன்ட் ஐடென்டிஃபையரோ 0100.1122.3344.55. முன்னால் நிற்கும் 01 ஈதர்நெட்டைக் குறிக்கும். இந்த ஐடென்டிஃபையரை, அதாவது டிஎச்சிபியின் 61ஆம் ஆப்ஷனை அனுப்பும் சாதனத்துக்கு 'ஹார்ட்வேர் அட்ரஸ்' வரி உதவாது. 'கிளையன்ட் ஐடென்டிஃபையர்' வரியில் அந்த 01 சேர்த்து எழுதவேண்டும். விண்டோஸும் இப்படித்தான் அனுப்பும். சிஸ்டம்டி நெட்வொர்க்டி (நெட்வொர்க்கைக் கவனிக்கும் நிரல்) ஓடும் லினக்ஸ் பெட்டிகள் இயல்பாக மேக்குக்குப் பதிலாக ff என்று தொடங்கும் வேறொரு அடையாளத்தை அனுப்பும். அதனால் ஊகித்து எழுதாதீர்கள், முதலில் பைண்டிங் பட்டியலில் (யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியல்) பாருங்கள். பழைய தற்காலிக லீஸ் (முகவரி ஒதுக்கீடு) இருந்தால் அதை நீக்கிவிட்டு எழுதுங்கள். சரியாக அமைந்தால் அந்த விஆர்எஃப்பின் பட்டியலில் வகை 'மேனுவல்', காலாவதி 'இன்ஃபினிட்' என்று தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

சர்வர் வேறு இடத்தில் இருந்து, ரௌட்டர் ரிலே மட்டும் (கோரிக்கையைச் சர்வருக்குக் கடத்துவது) செய்கிறது என்றால் கதை வேறு. இரண்டு விஆர்எஃப்பிலிருந்தும் ரிலே முகவரி 192.168.10.1 என்றே போகும். எது யாருடையது என்று சர்வருக்குத் தெரியாது. ரிலே செய்யும் ரௌட்டர் சேர்க்கும் 82ஆம் ஆப்ஷனுக்குள் விஆர்எஃப்பைச் சொல்லும் 151ஆம் துணை ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது; 2012இல் ஆர்எஃப்சி 6607 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. ரௌட்டரில் அதை இயக்கினால் மட்டும் போதாது, சர்வருக்கும் அது புரியவேண்டும். புரியாத சர்வர் என்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு லினக்ஸ் பெட்டியில் விஆர்எஃப்புக்கு ஒரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்துப் பிரித்த நெட்வொர்க் சூழல்) வைத்து, ஒவ்வொன்றிலும் தனி டிஎன்எஸ்மாஸ்க் (சிறிய டிஎச்சிபி சர்வர் நிரல்), தனி லீஸ் ஃபைல் என்று ஓடவிடுங்கள். அதில் சாதனத்தின் வரியில் 'ஐடி:*' சேர்த்தால் கிளையன்ட் ஐடியை விட்டுவிட்டு மேக்கை மட்டும் பார்க்கும்.