பூட்டிய பீரோவும் கரையானும்

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர் நான். இந்த ஆண்டு நூலகப் பொறுப்பும் என் தலையில். இரண்டு பீரோ நிறையப் புத்தகம் இருக்கிறது. தொலைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பூட்டியே வைத்திருக்கிறேன். பிள்ளைகள் படிக்க, தினமும் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, டீச்சர். வேலூரில் பள்ளி நூலகராகச் சேர்ந்த முதல் ஆண்டு நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன். மே மாதக் கடைசியில் திறந்தால் கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். நாற்பது புத்தகம் மண்ணாகிப் போனது. அன்றைக்கு அழுதேவிட்டேன். பிள்ளைகளிடம் கொடுத்திருந்தால் நாலைந்துதான் தொலைந்திருக்கும்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதனால் காலை மணி அடிக்க இருபது நிமிடம் முன்பே பீரோவைத் திறந்துவிடுங்கள். தூரத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அப்போதுதான் சும்மா உட்கார்ந்திருக்கும். திரும்பி வந்த புத்தகங்களை உடனே உள்ளே அடுக்காமல் ஒரு நாள் மேசைமேலே போட்டு வையுங்கள். இன்னொரு பிள்ளை படித்தது என்றாலே அதற்குத் தனி கிராக்கி.

அப்புறம், புத்தகத்தைத் திரும்ப வாங்கும்போது பதிவேட்டில் தேதி போடுவதோடு நிற்காமல் பக்கங்களை ஒரு முறை புரட்டுங்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வீட்டில் பீடி சுற்றுவார்கள். அடையாளத்துக்கு ஒரு துண்டு பீடி இலை வைப்பாள். மூன்று புத்தகம் தொடர்ந்து, இலை பத்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை. எழுத்துப் பொடியாக இருந்தது அவளுக்குக் கஷ்டம் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. பெரிய எழுத்தில் முப்பது பக்கக் கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாளே வந்து, "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா சார்?" என்றாள். எந்தப் பதிவேடும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

கிழிசலை வெள்ளிக்கிழமை மதியம் ஒட்டிவிடலாம். செலோ டேப் வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்குப் பசை இளகி, தாள் மஞ்சளாகிவிடும். மைதாவைக் காய்ச்சி, துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து, மெல்லிய தாள் வைத்து ஒட்டுங்கள். துத்தம் விஷம், அதைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே கலக்குங்கள்.